இருட்டுக் காட்சியில் ஓலெட் திரை: குறை கண்ணாடியிலா, படத்திலா, அறையிலா?

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு டிவி ஷோரூமுக்குள் நுழைந்தால், ஓலெட் டிவியில் பெரும்பாலும் ஓடுவது கன்னங்கரிய பின்னணியில் வாணவேடிக்கை, பூ, நகரத்து விளக்குகள். பார்த்த மாத்திரத்தில் கண் சொக்கிப்போகும். ஆனால் அந்த டெமோவில் இருப்பது இரண்டே நிலைதான்: முழுக் கறுப்பு, முழு வெளிச்சம். ஓலெட் திரைக்கு இரண்டுமே சுலபமான வேலை. கறுப்பு என்றால் பிக்சல் அணைந்துவிடும், வெளிச்சம் என்றால் தாராளமாக மின்னோட்டம் போகும். திரை திணறுவது இவற்றுக்கு நடுவில், கறுப்பை ஒட்டிய சாம்பலில். நிலா வெளிச்சத்தில் மாந்தோப்புக்குள் நடப்பவரின் சட்டை மடிப்பு, விளக்கு வெளிச்சம் எட்டாத சுவர் மூலை, இரவு வானத்துக்கும் மலை முகட்டுக்கும் நடுவே உள்ள கோடு: திரையின் தரத்தை இங்கேதான் பார்க்க வேண்டும். ஷோரூமின் டியூப்லைட் வரிசைக்கு அடியில் இதைப் பார்க்கவே முடியாது.

வீட்டுக்கு வந்து இரவுக் காட்சி நிறைந்த படம் ஒன்றைப் போட்டதும் வரும் புகார்கள் மூன்று வகை. "ஒண்ணுமே தெரியலை, எல்லாம் இருட்டு" என்பது ஒன்று. "மேலிருந்து கீழ வரைக்கும் பட்டை பட்டையா இருக்கு" என்பது இன்னொன்று. "இருட்டு கட்டம் கட்டமா நெளியுது" என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே பெயரில் "பேனல் கோளாறு" என்று சொல்லி சர்வீசுக்கு போன் போடுவதுதான் நடக்கிறது. வருகிற டெக்னீஷியன் டிவியை ஒருமுறை ரீசெட் செய்துவிட்டுப் போகிறார், குறை அப்படியே இருக்கிறது.

குறையைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது. படம் நகரும்போதும் குறை கண்ணாடியில் அதே இடத்தில் நின்றால், அது பேனலின் குறை. படத்தில் இருக்கும் மனிதரோடு, மேகத்தோடு சேர்ந்து குறையும் நகர்ந்தால், அது வீடியோவோடு வந்த குறை. குறிப்பிட்ட இடம் என்று இல்லாமல் மொத்தப் படமும் அமுங்கியோ வெளிறியோ இருந்தால், அறை வெளிச்சமோ செட்டிங்கோ காரணம். இந்த ஒரு பாகுபாட்டைச் செய்துவிட்டாலே பாதிப் புகார்கள் சர்வீஸ் சென்டருக்குப் போகாமல் வீட்டிலேயே தீர்ந்துவிடும். மீதிப் புகார்களுக்கும் தெளிவான ஆதாரம் கையில் இருக்கும்.

கறுப்பை ஒட்டிய சாம்பல் ஏன் கடினம்

எல்சிடி டிவியில் பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், முன்னால் உள்ள திரவப் படிகம் அதை மறைக்கும். முழுக்க மறைக்க முடியாததால்தான் எல்சிடியின் கறுப்பு சாம்பலாகக் கசிகிறது. ஓலெட்டில் விளக்கு என்று தனியாக இல்லை, ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளி விடுகிறது. எவ்வளவு மின்னோட்டமோ அவ்வளவு வெளிச்சம். அந்த மின்னோட்டத்தை அளந்து விடுவது பிக்சலுக்கு அடியில் இருக்கும் மெல்லிய படல டிரான்சிஸ்டர். 4கே திரையில் 3840 பெருக்கல் 2160, ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்கள். எல்ஜி டிஸ்ப்ளே தயாரிக்கும் வெள்ளை ஓலெட் வகையில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என நான்கு துணைப் பிக்சல்கள் உண்டு. ஆக, மின்னோட்டத்தை அளந்துவிடும் டிரான்சிஸ்டர்கள் மட்டுமே 3 கோடியே 30 லட்சத்துக்கு மேல்.

இத்தனையும் ஒன்றுபோலவே வேலை செய்ய வேண்டும். ஆனால் ஒரு டிரான்சிஸ்டர் எந்த மின்னழுத்தத்தில் திறக்கத் தொடங்குகிறது என்பது ஒன்றுக்கொன்று சற்றே மாறும். வெளிச்சமான காட்சியில் மின்னோட்டம் அதிகம், இந்தச் சின்ன வித்தியாசம் அதில் கரைந்துவிடும். கறுப்பை ஒட்டிய சாம்பலிலோ டிரான்சிஸ்டர் திறந்தும் திறக்காத நிலையில் இருக்கிறது. அந்த இடத்தில் மின்னழுத்தம் கொஞ்சம் ஏறினாலும் மின்னோட்டம் மடங்கு மடங்காக ஏறும். அதனால் பகல் காட்சியில் மறைந்திருந்த வித்தியாசம் இரவுக் காட்சியில் வெளியே வந்துவிடுகிறது. ஒரே நெடுவரிசையில் உள்ள பிக்சல்களுக்கெல்லாம் ஒரே கம்பி வழியாகச் சிக்னல் வருவதால், அது பெரும்பாலும் செங்குத்துப் பட்டையாகத் தெரியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிக்சலுக்கு என்று ஒரு மின்தேக்கத் தன்மை இருக்கிறது. அணைந்திருக்கும் பிக்சல் ஒளிர வேண்டுமானால் முதலில் அது நிரம்ப வேண்டும். அதிக மின்னோட்டத்தில் நொடியில் நிரம்பிவிடும். மங்கலான சாம்பலுக்குப் போகிற மின்னோட்டமே துளிதான் என்பதால் நிரம்ப நேரமாகும். கறுப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு மாறும் இடங்களில் இழுபட்ட நிழல் விழுவதற்கும், கேம் விளையாடும்போது ரிஃப்ரெஷ் ரேட் (நொடிக்கு எத்தனை முறை திரை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது) ஏறி இறங்கினால் இருட்டுப் பகுதி மட்டும் துடிப்பதற்கும் இந்தத் தாமதத்தில் பெரிய பங்கு உண்டு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் 'எல்லையற்ற கான்ட்ராஸ்ட்' இவை எதைப் பற்றியும் ஒன்றும் சொல்லாது. கறுப்பு பூஜ்யமாக இருந்தால் கான்ட்ராஸ்ட் எல்லையற்றதாகிவிடும், வெள்ளையின் வெளிச்சத்தைக் கறுப்பின் வெளிச்சத்தால் வகுக்கும் வெறும் கணக்கு அது.

முதல் சந்தேகம் அறையின் மீதுதான்

எண்களை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். சாதாரணப் படத்துக்கு வெள்ளையின் உச்சம் 100 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு), காமா (எந்தச் சிக்னல் அளவு எவ்வளவு வெளிச்சமாக மாறும் என்ற கணக்கு) 2.4 என்று வைத்தால், சிக்னலில் 5 சதவீதச் சாம்பல் திரையில் வெறும் 0.08 நிட் வெளிச்சம் தரும். காமா 2.2 என்றால் 0.14 நிட். இப்போது அறையில் டியூப்லைட் எரிகிறது, திரையின் மேல் 100 லக்ஸ் அளவு வெளிச்சம் விழுகிறது, அதில் 1 சதவீதத்தைத் திரை பரவலாகத் திருப்பி அனுப்புகிறது என்று கொள்வோம். அந்தப் பிரதிபலிப்பு மட்டும் 0.3 நிட்டுக்கு மேல். டிவி காட்ட விரும்பும் சாம்பலைவிட நான்கு மடங்கு வெளிச்சம் சுவரிலிருந்தும் விளக்கிலிருந்தும் வந்து மேலே படிகிறது. சட்டை மடிப்பு எப்படித் தெரியும்? எந்தப் பேனலாக இருந்தாலும் தெரியாது.

எச்டிஆர் படங்களில், அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே சாதாரணப் படத்தைவிட விரிந்த வீச்சு உள்ள படங்களில், இது இன்னும் மோசம். அவை சுற்றுப்புறம் 5 நிட் அளவே இருக்கும் இருட்டு அறையை அடிப்படையாக வைத்து முடிக்கப்படுபவை. அங்கே ஒவ்வொரு சிக்னல் அளவுக்கும் இத்தனை நிட் என்று முன்கூட்டியே நிர்ணயித்திருக்கிறார்கள். பகல் மூன்று மணிக்கு ஜன்னல் திறந்திருக்கும் ஹாலில் அதே படத்தைப் போட்டால், டிவி சரியாகவே காட்டினாலும் கண்ணுக்கு இருட்டுத்தான். எச்டிஆரில் ஒரு வகையான டால்பி விஷனில் பல டிவிகள் இருட்டு அறைக்கு ஒன்று, வெளிச்ச அறைக்கு ஒன்று என இரண்டு மோட் தருகின்றன. இரண்டாவதை மாற்றிப் பார்த்தாலே பல வீடுகளில் "ஒண்ணுமே தெரியலை" என்ற புகார் தீர்ந்துவிடும்.

பேனல் வகையும் இதில் கணக்கு. வெள்ளை ஓலெட் பேனலுக்கு முன்னால் ஒரு வட்ட போலரைசர் படலம் இருக்கும். வெளியிலிருந்து வரும் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பாமல் அது தடுப்பதால், அறையில் விளக்கு எரிந்தாலும் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். 2022 முதல் விற்பனைக்கு வந்த க்யூடி ஓலெட் வகையில் அந்தப் படலம் கிடையாது. சாம்சங், சோனி இரண்டும் சில மாடல்களில் இதைப் பயன்படுத்துகின்றன. நிறத்தில் இந்த வகைக்கு ஈடில்லை, ஆனால் விளக்குப் போட்ட அறையில் அதன் கறுப்பு லேசான ஊதாச் சாம்பலாகத் தெரியும். அது கோளாறு அல்ல, வகையின் இயல்பு. விளக்கை அணைத்ததும் கறுப்பு திரும்பிவிடும். நாள் முழுக்க வெளிச்சத்தில் டிவி பார்க்கும் குடும்பத்துக்கு வெள்ளை ஓலெட் வகையே பொருத்தம்.

ஓட்டு வீடுகளில் கவனிக்க வேண்டியது கண்ணாடி ஓடு. மேலிருந்து இறங்கும் அந்த ஒளிக்கற்றை பகலில் நேராகத் திரை மேல் விழுந்தால், டிவியை வேறு சுவருக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை. கான்கிரீட் வீட்டில் டியூப்லைட்டைத் திரைக்கு எதிர்ச் சுவரில் வைக்காமல், டிவி இருக்கும் அதே சுவரில் அதற்கு மேலே வைத்தால் பிரதிபலிப்பு பெருமளவு குறையும். முழு இருட்டில் பார்க்கக் கண் கூசுகிறவர்கள், டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன எல்இடி விளக்கை வெளிச்சம் சுவரில் படும்படி வைக்கலாம். கடையில் 'கூல் டேலைட்' என்று விற்கும் 6500 கெல்வின் பல்பு போதும், வீடியோவின் வெள்ளை நிறமும் அதையொட்டியதுதான். மஞ்சள் பல்பு வைத்தால் படம் நீலம் பூத்ததுபோல் தெரியும்.

செட்டிங்: பெயர்தான் குழப்பம்

சோதனைக்கு முன் படத்தின் மோடை 'ஃபிலிம்மேக்கர்' அல்லது 'சினிமா' என்று மாற்றுங்கள். 'விவிட்' மோடில் டிவி தானாகவே நிழலை அமுக்கி வெளிச்சத்தை ஏற்றுகிறது, அதில் எதையும் தீர்மானிக்க முடியாது. எனர்ஜி சேவிங், அறை வெளிச்ச சென்சார், டைனமிக் கான்ட்ராஸ்ட் மூன்றையும் அணைத்துவிடுங்கள்.

அடுத்தது பிரைட்னஸ். இந்தப் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி வேறு வேலை செய்கிறது. சோனியிலும் சாம்சங்கின் புதிய மாடல்களிலும் 'பிரைட்னஸ்' என்பது பேனலின் மொத்த வெளிச்சம். கறுப்பின் அடிமட்டத்தைச் சோனியில் 'பிளாக் லெவல்' என்பதும், இருட்டுப் பகுதியைச் சாம்சங்கில் 'ஷேடோ டீடெய்ல்' என்பதும் மாற்றும். எல்ஜியில் பேனல் வெளிச்சத்துக்கு 'ஓலெட் பிக்சல் பிரைட்னஸ்', கறுப்பின் மட்டத்துக்கு 'ஸ்கிரீன் பிரைட்னஸ்'. இரவுக் காட்சி தெரியவில்லை என்று பதறி, பேனல் வெளிச்சத்துக்குப் பதில் கறுப்பின் மட்டத்தை ஐந்தாறு புள்ளி ஏற்றிவிடுகிறார்கள். அப்போது கறுப்பு பூஜ்யத்திலிருந்து மேலே வந்துவிடுகிறது, அணைந்திருக்க வேண்டிய பிக்சல்கள் எல்லாம் திறந்தும் திறக்காத நிலைக்கு வருகின்றன, அதுவரை இல்லாத பட்டைகளும் மேகத் திட்டுகளும் திரை முழுக்கத் தெரிகின்றன. பேனல் கெட்டுவிட்டதாக நினைக்கும் இடங்களில் நிறைய இப்படி வந்தவைதான். மாற்ற வேண்டியது பேனல் வெளிச்சத்தை, இல்லையென்றால் காமாவை. விளக்கு எரியும் அறைக்கு 2.2, இருட்டு அறைக்கு 2.4 அல்லது பிடி 1886 (காமா மெனுவில் வரும் இன்னொரு தேர்வு).

இனி வருவது சிக்னலின் எல்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை எண்கள் உள்ள 8 பிட் வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235. கம்ப்யூட்டரில் கறுப்பு 0, வெள்ளை 255. செட்டாப் பாக்சோ லேப்டாப்போ ஒரு வகையில் அனுப்பி, டிவி மற்றதாக எடுத்துக்கொண்டால் இருட்டுக் காட்சி பாழ். 16 என்ற கறுப்பை டிவி 0 முதல் 255 வரையான கணக்கில் படித்தால், கறுப்பே 6 சதவீதச் சாம்பலாக வெளிறிவிடும். எதிர்மாறாக நடந்தால் 16க்குக் கீழே வருவதெல்லாம் வெட்டுப்பட்டு நிழல் முழுக்க மை பூசியதுபோல் ஆகும். கண்டுபிடிப்பது எளிது: டிவியின் உள்ளேயே இருக்கும் ஆப்பில் படம் நன்றாக இருந்து, எச்டிஎம்ஐ வழியாக வருவது மட்டும் வெளிறியோ அமுங்கியோ இருந்தால் இதுதான் காரணம். டிவியில் 'எச்டிஎம்ஐ பிளாக் லெவல்', 'வீடியோ ரேஞ்ச்' என்ற பெயர்களில் உள்ள செட்டிங்கையும், பாக்ஸ் அல்லது லேப்டாப்பில் உள்ளதையும் ஒரே வகையில் வைத்தால் சரியாகிவிடும்.

கட்டம் கட்டமாக நெளிவது

8 பிட் வீடியோவில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 219 படிகள். அதில் 5 சதவீதம் வரை உள்ளவை 11 படிகள் மட்டுமே. நிலா வெளிச்சத்துத் தோப்பு முழுவதையும் அந்தப் பதினொன்றுக்குள் காட்டியாக வேண்டும். 10 பிட்டில் அதே பகுதிக்கு 44 படிகள் கிடைக்கும். போதாததற்கு, வீடியோவைச் சுருக்கும் மென்பொருள் இருட்டுப் பகுதியில் கண் அவ்வளவாகக் கவனிக்காது என்ற கணக்கில் அங்கேதான் முதலில் விவரத்தைக் கழிக்கிறது. எல்சிடியில் கசியும் சாம்பல் இதை மறைத்துவிடும், ஓலெட் மறைக்காது. நல்ல திரை வாங்கியதும் கெட்ட வீடியோ தெரியத் தொடங்குவது இதனால்தான்.

நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும் என்கிறது. இரவு எட்டரை மணிக்கு மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினால் படத்தின் தரம் தானாக இறங்கும், கட்டங்கள் பெருகும். ஒரு காட்சியில் கட்டங்கள் தெரிந்தால் பின்னோக்கி ஓட்டி மறுபடி பாருங்கள். காட்சியின் அதே பொருளின் மேல் அதே கட்டங்கள் வந்தால், அதே படத்தை நல்ல போன் திரையிலும் ஓட்டிப் பாருங்கள். அங்கும் இருந்தால் டிவியின் மேல் குற்றமில்லை. டிவியில் 'ஸ்மூத் கிரேடேஷன்' என்ற செட்டிங் இருந்தால் 'லோ' வைத்தால் கட்டங்கள் ஓரளவு மழுங்கும், அதற்கு மேல் ஏற்றினால் முகத்தின் தோல் மெழுகுபோல் ஆகிவிடும். கேபிளில் வரும் எஸ்டி சேனலை வைத்து ஓலெட்டின் இருட்டுத் தரத்தைச் சோதிக்கவே வேண்டாம். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

பேனலைச் சோதிக்கும் முறை

சோதனைப் படங்களை நீங்களே செய்யலாம். லேப்டாப்பில் எந்தப் படம் வரையும் மென்பொருளிலும் 3840 பெருக்கல் 2160 அளவில் புதுப் பக்கம் திறந்து, முழுவதையும் ஒரே நிறத்தால் நிரப்பி பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். ஆர்ஜிபி மூன்றுக்கும் ஒரே எண்: 0, 5, 8, 13, 26. இவை முறையே கறுப்பு, 2, 3, 5, 10 சதவீதம். ஆறாவதாகக் கறுப்புப் பின்னணியில் 20 கட்டங்கள் வரைந்து, முதல் கட்டத்துக்கு 1, அடுத்ததற்கு 2 என்று 20 வரை நிரப்புங்கள். ஜேபிஜியாகச் சேமித்தால் சுருக்கத்தில் எண்கள் மாறக்கூடும், தவிர்த்துவிடுங்கள். பென் டிரைவில் போட்டு டிவியின் பின்னால் செருகினால் போதும். கட்டப் படத்தை மட்டும் நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் எச்டிஎம்ஐ வழியாகவும் ஒருமுறை காட்டிப் பாருங்கள்.

டிவியை அரை மணி நேரம் ஏதாவது நிகழ்ச்சியில் ஓட்டிச் சூடாக்குங்கள். இரவு எட்டு மணிக்கு மேல், விளக்கை அணைத்து, ஜன்னலை மூடி, பத்து நிமிடம் இருங்கள். அதற்குள் போனைப் பார்த்தால் கண் இருட்டுக்குப் பழகியது வீணாகும். பிறகு வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்தே பாருங்கள். 55 அங்குலத்துக்கு ஆறேழு அடி. மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தால் குறையில்லாத திரை உலகத்தில் கிடையாது.

0 படத்தில் அறை முழு இருட்டாக வேண்டும், திரை எங்கே முடிகிறது என்றே தெரியக் கூடாது. ஒரு புள்ளி மட்டும் மின்னினால் அணையாத பிக்சல். திரை முழுவதும் மங்கலாக ஒளிர்ந்தால் கறுப்பின் மட்டம் ஏறியிருக்கிறது, மேலே சொன்ன செட்டிங்கைப் பாருங்கள். 5, 8 படங்களில் லேசான பட்டைகள் பெரும்பாலான திரைகளில் தெரியும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். 13தான் முக்கியமானது. அதில் அகலமான ஒரு பட்டையோ, ஓரத்தில் அடர்ந்த திட்டோ, ஒரு மூலை மட்டும் வெளிச்சமாகவோ இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். 26 படத்தில் நிறத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் இளஞ்சிவப்பாகவும் மறுபக்கம் பச்சையாகவும் சாய்ந்தால், இரவுக் காட்சியில் முகங்கள் இடத்துக்கு இடம் நிறம் மாறும்.

ஒரு படத்தை ஒரு நிமிடத்துக்கு மேல் நிறுத்தாதீர்கள். அசையாத படம் நீடித்தால் பேனலைக் காப்பாற்ற டிவி தானாகவே வெளிச்சத்தைக் குறைக்கும். அது மெதுவாக நடப்பதால் கண்ணுக்குத் தெரியாது, ஐந்து நிமிடம் கழித்து நீங்கள் பார்ப்பது வேறு அளவு. நீளமான இரவுக் காட்சி போகப்போக இன்னும் இருண்டு, ரிமோட்டில் ஏதோ ஒரு பட்டனை அழுத்தி மெனு வந்ததும் சட்டென்று வெளுப்பதும் இதே காரணத்தால்தான்.

கட்டப் படத்தில் 1, 2 தெரியாவிட்டால் கவலையில்லை. ஐந்தாறு எண்ணிலிருந்து மங்கலாகவாவது தெரியத் தொடங்க வேண்டும். பத்துக்குக் கீழே எதுவுமே தெரியாவிட்டால் நிழல் அமுங்குகிறது, காமாவை 2.2க்கு மாற்றி மறுபடி பாருங்கள்.

கடைசியாக, கேமரா பக்கவாட்டில் மெதுவாக நகரும் ஓர் இரவுக் காட்சியைப் போட்டு அதே இடத்திலிருந்து பாருங்கள். சோதனைப் படத்தில் குறித்த பட்டை இங்கேயும் கண்ணை உறுத்துகிறதென்றால் திரையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். சோதனைப் படத்தில் மட்டும் தெரிந்து, இரவுக் காட்சியில் தெரியாவிட்டால் விட்டுவிடலாம். மாற்றி வாங்கும் திரையில் வேறோர் இடத்தில் வேறொரு பட்டை இருக்கும் வாய்ப்பும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

பிளக்கைப் பிடுங்கும் பழக்கம்

எல்லாவற்றையும்விட நம் ஊர்ப் பக்க வீடுகளில் அதிகம் கேடு செய்வது, டிவியை ரிமோட்டில் அணைத்த கையோடு சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுவது. கரண்ட் பில், குழந்தைகள் பாதுகாப்பு, இடி என்று பழக்கத்துக்குக் காரணங்கள் உண்டு. ஆனால் ஓலெட் டிவி ரிமோட்டில் அணைந்த பிறகுதான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. பிக்சல்களின் டிரான்சிஸ்டர்களை அளந்து, எது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று குறித்து, அடுத்த முறை அதற்கேற்ற ஈடு கொடுக்கிறது. எல்ஜி டிவிகளில் மொத்தம் 4 மணி நேரம் பார்த்ததும், அணைத்த பின் சில நிமிடங்களுக்கு இது தானாக நடக்கும். 2000 மணி நேரத்துக்கு ஒருமுறை சுமார் ஒரு மணி நேரம் எடுக்கும் பெரிய சுற்று ஒன்று உண்டு. அப்போது திரையில் ஒரு கோடு ஓடினால் பயப்பட வேண்டாம். சுவரில் கரண்ட் இல்லாவிட்டால் இரண்டுமே நடக்காது. மாதக்கணக்கில் நடக்காமல் போனால் இருட்டுச் சாம்பலில் பட்டைகள் படிப்படியாகத் தடிக்கும், சேனல் லோகோவின் நிழலும் உள்ளூர் கேபிள் சேனலின் அடியில் ஓடும் விளம்பரப் பட்டையின் நிழலும் தங்கிவிடும்.

ரிமோட்டில் அணைத்த பிறகு குறைந்தது அரை மணி நேரம் சுவர் சுவிட்சை விட்டுவையுங்கள். கோடையில் இடி மழை வரும் மாலையில் மட்டும் பிளக்கையும் கேபிள் ஒயரையும் கழற்றுவது சரியான காரியம், அன்று ஒருநாள் தவறினால் கேடில்லை, டிவி அடுத்த முறை செய்துகொள்ளும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் பகலில் என்பதால் இரவு படம் பார்ப்பவர்களுக்கு அதனால் சிக்கல் இல்லை. இரவில் அடிக்கடி கரண்ட் போகும் கிராமமானால் டிவியை இன்வெர்ட்டர் லைனில் சேர்க்கலாம், அது சைன் வேவ் வகையாக இருக்கட்டும்.

பட்டை தெரிந்தவுடனே பெரிய சுற்றை மெனுவிலிருந்து மறுபடி மறுபடி கையால் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாம். அந்தச் சுற்று பேனலின் ஆயுளிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. சோனி தன் டிவிகளில் ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள் என்றே எச்சரிக்கிறது. புதுத் திரையில் முதல் நாளே தெரியும் மெல்லிய பட்டைகள், சில வாரம் சாதாரணமாகப் பார்த்துச் சின்னச் சுற்றுகள் நடந்த பிறகு மங்குவது உண்டு. எனவே முதல் நாள் ஒருமுறை, கடை மாற்றித் தரும் கெடு முடிவதற்கு இரண்டு நாள் முன்பு ஒருமுறை சோதியுங்கள்.

கைபேசிக்கும் இதேதான், சில மாற்றங்களுடன்

நிறைய பேர் முதலில் வாங்கும் ஓலெட் திரை போன்தான். 13 படத்தைப் போனில் முழுத்திரையில் வைத்து, தானியங்கி பிரைட்னஸ், கண் பாதுகாப்பு மோட் இரண்டையும் அணைத்து, வெளிச்சத்தைக் குறைந்தபட்சத்துக்குக் கொண்டுவந்து இருட்டில் பாருங்கள். ரிஃப்ரெஷ் ரேட்டை 60க்கும் 120க்கும் மாற்றிப் பார்த்தால், ஒன்றில் பச்சையோ இளஞ்சிவப்போ சாயம் ஏறுகிறதா என்று தெரியும். லேசான சாயம் சகஜம். பாதித் திரை ஒரு நிறம், பாதி வேறு நிறம் என்றால் மாற்றக் கேளுங்கள். கறுப்புப் பின்னணியில் அடர்சாம்பல் படங்களை வேகமாக மேலே தள்ளும்போது ஊதா நிழல் இழுபடுவது முன்பு சொன்ன மின்தேக்கத் தாமதம், குறைந்த வெளிச்சத்தில் எல்லா ஓலெட் போன்களிலும் ஓரளவு இருக்கும்.

உடைந்த திரையை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் மாற்றியவர்கள் 0 படத்தை அவசியம் சோதிக்க வேண்டும். விலை குறைவு என்று போடப்படும் 'இன்செல்' காம்போ (மேல் கண்ணாடியும் திரையும் சேர்ந்த மாற்றுத் தொகுப்பு) எல்சிடி வகை. பகலில் வித்தியாசம் தெரியாது. இருட்டறையில் முழுக் கறுப்புப் படத்தை வைத்ததும் திரை முழுவதும் சாம்பலாக ஒளிர்ந்தால் அது ஓலெட் அல்ல. ஓலெட் விலையைக் கொடுத்திருந்தால் கடையிலேயே, போனை ஒரு துணிக்குள் மூடிவைத்துக் காட்டிப் பேசிவிடலாம்.

வாங்கும்போதும் புகார் சொல்லும்போதும்

ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான் என்பதால் அங்கே போய் வாங்கிக் காரில் ஏற்றி வருகிறவர்கள் அதிகம். ஓலெட் பேனல் மிக மெல்லியது. பெட்டியைப் பின்சீட்டில் படுக்கவைத்து வந்தால் ஒவ்வொரு வேகத்தடையிலும் பேனலின் நடுப்பகுதி வளையும். நிமிர்ந்த நிலையில் கொண்டுவர முடியாவிட்டால் கடையின் டெலிவரியிலேயே விடுங்கள். பெட்டியைக் கம்பெனி ஆள் முன்னிலையில் திறந்து, திறப்பதை வீடியோ எடுங்கள். அவர் கிளம்பும் முன் 0, 13, 26 மூன்றையும் காட்டிவிடுங்கள். பகலாக இருந்தால் ஜன்னலுக்குப் போர்வை போட்டாவது காட்ட வேண்டும்.

பேனல் குறைக்குப் படம் எடுக்கும்போது போனின் நைட் மோட் இல்லாத பட்டையையும் பூதாகரமாகக் காட்டும், சர்வீஸ்காரர் அதை ஏற்க மாட்டார். போன் கேமராவை ப்ரோ மோடில் வைத்து, ஐஎஸ்ஓவையும் ஷட்டர் வேகத்தையும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பொருத்தி நிறுத்திவிட்டு, டிவியின் சட்டம் நான்கு பக்கமும் தெரியும்படி எடுங்கள். புகாரில் மாடல் எண், சீரியல் எண், எந்தச் சாம்பல் அளவில் குறை தெரிகிறது, திரையில் எந்த இடத்தில், படம் நகரும்போதும் அதே இடத்தில் நிற்கிறதா, டிவி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, அணைத்த பின் சுவரில் கரண்ட் விட்டுவைத்திருந்தீர்களா என்பதை எழுதுங்கள். கடையும் கம்பெனியும் தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். பெங்களூருவில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனுக் கொடுக்க அந்தச் சட்டம் வழிசெய்கிறது. பில், உத்தரவாத அட்டை, சர்வீஸ்காரர் எழுதிக் கொடுத்த ஜாப் ஷீட் மூன்றும் கையில் இருக்க வேண்டும்.